ஐஸ் பெட்டியில் வைத்த வீக்கம்

மின்சாரம் நின்றுபோகக்கூடும் என்பதை எண்ணிப் பாராமலே வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். நெய்வேலி நகரியத்தில் பெரும்பாலான வீடுகளில் மெழுகுவத்தி இராது. கைவிளக்கு இருப்பினும் அதில் பேட்டரி இராது. சுற்றுப்புற ஊர்களில் விசிறி நின்றுபோன கோடைப் பிற்பகல்களில் உறவினர் தலையணையுடன் எங்கள் குவார்ட்டர்சுக்கு வந்து உறங்கிச் சென்றதுண்டு. அப்போதெல்லாம் அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, சுழலும் விசிறியை நானே கண்டுபிடித்தவன்போல அண்ணாந்து பார்ப்பேன்.

அந்தப் பெருமை நான் தேடியதன்று. எங்கள் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குள் போயிற்று. அதற்கு ஈடாக எனக்கு பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் வேலை கிடைத்தது. பழுப்பு நிலக்கரி ஓடும் அந்த நீண்ட பட்டையைப் பார்த்துக்கொண்டே என் பணிக்காலம் கழிந்தது. பள்ளியில் அதிகம் படிக்காதவன் ஆதலால், ஷிஃப்ட் முடிந்த நேரங்களில் நகரிய நூலகத்தில் அமர்ந்து தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, பின்னர் ஒருவாறு கற்றேன். இப்போது அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் மகனுடைய குவார்ட்டர்சில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். நான் சொல்லப்போகும் காலத்தில் மகள் கடலூரில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துவந்தாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், வங்கக் கடலில் புயல் உருவாகிக் கரையை நெருங்குவதாகச் செய்தி வந்த நாளில், மகள் ஒரு தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"அப்பா, நம்ம பழைய ஃப்ரிட்ஜ் ஓடுதில்ல? அண்ணன் புதுசு எதுவும் வாங்கிடலியே?"

"வாங்கவில்லை. ஏன்?"

"நல்லவேளை. புதுசா வர்றதெல்லாம் பனி கட்டாம இருக்கறதுக்குன்னு தானே அப்பப்போ சூடாக்கிக்கும். இதுக்கு அது ஆகாது. நம்ம ஓட்டைப் பெட்டிதான் ராசி."

அந்தக் குளிர்ப்பெட்டியை ஒவ்வொரு விடுமுறையிலும் ஏளனம் செய்தவள் அவளே என்பதால், என் மனைவி அடுக்களையிலிருந்து, "இப்போ வாயி எப்பிடித் திரும்புது பாரு" என்றாள்.

பெட்டிக்குள் பனிக்கட்டிப் பொதிகளின் நடுவே, சுண்டுவிரல் நுனியளவு குப்பிகள் வரிசையாக நின்றன. அவற்றுள் இருந்தது ஒரு புரதம் என்றாள். டி.என்.எஃப். ஆல்ஃபா என்று அதற்குப் பெயர். உடம்பில் ஓரிடத்தில் அடிபட்டால், அங்குள்ள செல்கள் அக்கம்பக்கத்துச் செல்களைக் கூவி அழைக்க அனுப்பும் செய்திகளுள் அதுவும் ஒன்று. அந்தக் கூவல் கேட்டுத்தான் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது. காயம் ஆறியதும் கூவல் ஓயவேண்டும். ஓயாமற்போனால் அதுவே நோய்.

"அம்மா வெரல்ல நடக்கறது அதான்" என்றாள் மகள்.

என் மனைவிக்கு முடக்குவாதம். காலை எழுந்தவுடன் விரல் மடங்காது. கணுக்கள் பாக்குக்கொட்டைபோலப் புடைத்திருக்கும். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குப்பிகளைக் குனிந்து பார்த்தாள்.

"இதுவா என்னை இந்தப் பாடு படுத்துது? தண்ணியாட்டம் இருக்குது."

"உன் உடம்புல இருந்து எடுத்ததில்லம்மா. மனுஷனோட மரபணுவைப் பாக்டீரியாவுக்குள்ள வச்சுச் செய்ய வைக்கறாங்க. வெளிநாட்டுல இருந்து வருது."

"கிருமியை வேல வாங்கி, மனுசன் வலியைச் செஞ்சி, அதைக் காசு குடுத்து வேற வாங்கறீங்களா? இங்க வந்து கேட்டிருந்தா நான் சும்மாவே குடுத்திருப்பேன்."

மகள் சிரித்தாள். ஆயினும் அவள் கை பெட்டியை விட்டு அகலவில்லை. அவளுடைய ஆய்வு முடக்கத்தான் கீரையைப் பற்றியது. தட்டில் வளர்த்த செல்களில் இந்தப் புரதத்தை இட்டு அழற்சியை உண்டாக்கவேண்டும். பின்னர் கீரையின் சாறு அதைத் தணிக்கிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் வாரந்தோறும் முடக்கத்தான் தோசை உண்டு. அது பயன்படுகிறது என்று மனைவியும், அது வெறும் நம்பிக்கை என்று மகனும் வாதிட்டு வந்ததைக் கேட்டு வளர்ந்தவள், அந்த வழக்கை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

பொடியாக இருந்தவரை அதற்கு ஆபத்தில்லை என்றாள். பொடி என்றாலும் குப்பி வெறுமையாகத் தோன்றும் அளவுக்குக் குறைவு. சில நாள் வெயிலைக்கூட அது தாங்குமாம். ஆனால் சோதனையைத் தொடங்குவதற்காக, புயல் அறிவிப்பு வருமுன் அவள் அதைக் கரைத்துப் பங்கிட்டு உறையவைத்துவிட்டாள். கரைத்தது உறைந்தே இருக்கவேண்டும். உருகி மறுபடி உறைந்தால் அதன் வீரியம் குன்றும். புயலுக்கு முன்னேற்பாடாகக் கடற்கரை ஊர்களில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். எத்தனை நாளில் திரும்பும் என்று எவரும் சொல்ல இயலாது. மறுபடி வரவழைத்தாலோ, அது வந்து சேர்வதற்குள் அவளுடைய ஆய்வுக்காலம் முடிந்துவிடும். இந்தக் கடைசிச் சோதனை இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

"நம்ம ஊர்ல கரண்டு போவாதுல்லப்பா?" என்று அவள் கேட்டபோது, நான் சிறிதும் தயங்கவில்லை.

"நம் ஊரிலா?" என்றேன்.

ஆய்வுக்கூடத்தில் செல்கள் இருக்கும் பெட்டியை மட்டும் தாங்கும் சிறு ஜெனரேட்டர் உண்டு. செல்கள் உயிரோடு இருப்பதால் அவற்றைப் பார்த்துக்கொள்ள அவள் உடனே கடலூர் திரும்பவேண்டியிருந்தது. குப்பிகளைக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில், என் மனைவி வைத்திருந்த சேமியா ஐஸ்களுக்குப் பின்னால் அடுக்கினாள். அந்த ஐஸ் வந்த கதையையும் சொல்லவேண்டும். மனைவியின் தம்பிக்குக் குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் குளிர்பானக் கடை. வரும்போதெல்லாம் அக்காளுக்கென்று பிளாஸ்டிக் டம்ளர்களில் குச்சி நட்ட சேமியா ஐஸ் கொண்டுவருவார். அவள் காலையில் ஒன்றை எடுத்து விரல் கணுக்களின்மேல் உருட்டுவாள். வலி சற்று அடங்கியதும் அதையே சாப்பிட்டும் விடுவாள்.

கிளம்பும்போது மகள், "அடிக்கடி தொறக்காதீங்கப்பா" என்றாள். அதுவே எனக்குப் போதுமானதாயிற்று.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட்டைப் பழுதுபார்க்க இறங்குகிறவன், முதலில் அதன் சுவிட்சை அணைத்துத் தன் பெயர் எழுதிய அட்டையை அதில் மாட்டிவிட்டு இறங்குவான். மாட்டியவனே வந்து கழற்றவேண்டும். மேலதிகாரி வந்தாலும், வேலை நின்றுபோனாலும், அவன் தேநீர் குடிக்கப் போயிருந்தாலும், வேறொருவர் கை அந்த அட்டைமேல் படலாகாது. இந்தப் பழக்கம் என்னுடன் வீட்டுக்கும் வந்தது. கிரைண்டரைப் பிரிக்கும்போதும் நான் அட்டை மாட்டாமல் இருந்ததில்லை. ஆகவே ஒரு பழைய காலண்டர் அட்டையில் "திறக்கலாகாது" என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதி, குளிர்ப்பெட்டியின் கைப்பிடியில் கயிற்றால் கட்டினேன்.

"பால எங்க வைக்கறது? ஒங்க மைன்ஸ்லயா?" என்றாள் மனைவி.

"ஒரு நாள் காய்ச்சி வைத்துக்கொள்."

"மாவு?"

"அதற்கும் ஒரு நாள் பொறுமை வேண்டும்."

"போயி மாட்டிக்குங்க, அப்பிடியே ஒங்க கழுத்துலயும் ஒண்ணு" என்றாள். இருந்தாலும் பாலைக் காய்ச்சினாள்.

புயல் கடலூரோடு நிற்கவில்லை. விடிந்தபோது நகரியத்தின் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. தெருவுக்குத் தெரு நிழல் தந்தவையே மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்திருந்தன. விசிறி நின்றிருந்தது. குளிர்ப்பெட்டியின் முனகல் நின்றிருந்தது. அந்தப் பெட்டி இத்தனை காலமும் ஓசையிட்டுவந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். மகன் முந்திய நாளே அவசரப் பணிக்குப் போனவன், திரும்பவில்லை. சுரங்கத்தில் நீர் இறைக்கும் பம்புகள் நிற்கலாகாது. மின்சாரம் முதலில் அங்கேதான் போகவேண்டும். இதை நன்கு அறிந்தவன் ஆதலால் நான் எவரையும் குறைகூற இயலவில்லை. கைபேசியில் கோபுரத் தொடர்பும் இல்லை. மகளிடம் என்ன செய்வதென்று கேட்க வழியில்லை.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "சார், உங்க வீட்டுலயும் கரண்டு இல்லையா?" என்று கேட்டார். அக்கம்பக்கத்தவர் எல்லாரும் ஒருவரையொருவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தனர். மின்தடை என்றால் என்ன செய்யவேண்டும் என்பதே எங்கள் பிளாக்கில் எவருக்கும் தெரியவில்லை.

நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பனிக்கட்டி தேடிப் புறப்பட்டேன். "நான் வரும்வரை அட்டையைத் தொடாதே" என்று சொல்லிப் போனேன். மெயின் பஜாரில் பெரும்பாலான கடைகள் மூடிக் கிடந்தன. முறிந்த கிளைகளைத் தாண்டியும் சுற்றியும் அலைந்த பிறகு, ஒரு மீன்கடைக்காரர் மீன் வராததால் மீந்திருந்த ஐஸைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வழியெல்லாம் அது ஒழுகிக்கொண்டே வந்தது.

வீட்டு வாசலில் என் மைத்துனரின் குட்டியானை நின்றது. சிறு சரக்கு வண்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அக்காள் என்ன ஆனாளோ என்று பார்க்க, விழுந்த முந்திரி மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். உள்ளே அவருடைய குரல் உயர்ந்திருந்தது.

"அக்கா, இது அட்ட. வெறும் காலண்டர் அட்ட. இதுல சாமியா இருக்குது?"

"மாமா பேரு இருக்குது. அவரு வந்து அவுக்கட்டும்."

"அதுக்குள்ள உள்ள இருக்கறது தண்ணியாப் பூடும். என் கடையில ஜெனரேட்டர் ஓடிகினு இருக்குது. ஐஸ் பெட்டி ரொம்பிக் கெடக்குது. எடுத்துக் குடுன்னா, அட்டையப் புடிச்சிகினு நிக்கற!"

"நீயே தொறந்து பாத்துட்டு, அவருகிட்ட நீயே பதில் சொல்லு."

அவர் திறக்கவில்லை. என்னைக் கண்டதும் வாளியை எட்டிப் பார்த்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"மாமா, ஐஸ் கடக்காரன் வூட்டுல பொண்ணு கட்டிட்டு, மீன் கடையில ஐஸ் வாங்கிகினு வறீங்களே! என் மானம் போச்சுங்க."

"உன் கடைக்கு எப்படி வருவது?"

"நான்தான் வந்திருக்கறனே! எவ்ளோ நேரமா நிக்கறேன் தெரியுமா? ஒங்க அட்டைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு காத்துகினு இருக்கறேன்."

அட்டையை அவிழ்த்தேன்.  நான் அலைந்த நேரமெல்லாம் வண்டியும் உறவும் வாசலிலேயே காத்திருந்தன. மகளுடைய உழைப்பு ஒரு காலண்டர் அட்டைக்குப் பின்னால் உருகிப் போயிருந்தால், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

உறைபனி அறையின் கதவைத் திறந்ததும் மைத்துனர் குப்பிகளைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, முன்னால் இருந்த சேமியா ஐஸ் டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"குச்சி நேரா நிக்குது" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பதைக் கண்டு அவரே விளக்கினார். ஐஸ் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் குச்சி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சேமியா அடியில் போய்ப் படிந்துவிடும். கம்பெனிக்காரர் கொண்டுவந்து இறக்கும்போது அவர் முதலில் பார்ப்பது குச்சியைத்தானாம். விரல் நகத்தால் மேற்பரப்பைச் சுரண்டினார்.

"மேல வேர்த்திருக்குது. உள்ள கல்லு. கதவு தொறக்காததால தப்பிச்சிது." பிறகு என்னைப் பார்க்காமலே, "அட்டையும் ஒண்ணும் சும்மா இல்ல" என்றார்.

 மனைவி அடுக்களைக்குப் போகும்போது தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

மீன்கடை ஐஸ் பயன்படாமல் போகவில்லை. மைத்துனர் அதை நொறுக்கி, எங்கள் வீட்டுக் கல்லுப்பை அள்ளிக் கலந்து, தெர்மோகோல் பெட்டியில் பரப்பினார். உப்புச் சேர்ந்தால் குளிர் இறங்கும் என்பது அவர் தொழிலின் பாலபாடம். குப்பிகளையும் ஒரு சேமியா ஐஸையும் அதனுள் வைத்து மூடி, பெட்டியை வண்டியில் ஏறி அமர்ந்த என் மடியில் கொடுத்தார். வடலூரைத் தாண்டிய பிறகு சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதை அறுத்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, பெட்டியில என்னாங்க, மருந்தா?"

நான் சொல் தேடுவதற்குள் மைத்துனர் முந்திக்கொண்டார். "மருந்து இல்லண்ணே. வீக்கம்."

"என்னாது?"

"ஒடம்பு வீங்குதில்ல, அந்த வீக்கம். பாப்பா பரிச்சைக்கு வச்சிருக்குது. சீக்கிரம் அறுங்க, உருகினா ஊருக்கே வீங்கிடும்."

அவர் இரண்டடி பின்வாங்கினார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கிளையை இழுத்து ஒதுக்கி, வண்டி நுழையும் அளவுக்கு வழி விட்டார்கள்.

கூட்டுரோட்டுக் கடையில் ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் மின்சாரம் போவது வழக்கம் ஆதலால், போனால் என்ன செய்வது என்பதும் அங்கே வழக்கமாயிருந்தது. நீண்ட ஐஸ் பெட்டியின் அடியில், பால் ஐஸ்களுக்கும் கப் ஐஸ்களுக்கும் கீழே, மகளுடைய குப்பிகளை வைத்தோம். பக்கத்தில் அந்தச் சாட்சிக் குச்சி நின்றது. மூடியின்மேல் என் அட்டையைக் கட்டினேன். அதைக் கட்டும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. அது அவருடைய கடை, அவருடைய பிழைப்பு.

"வியாபாரத்துக்குத் திறக்கவேண்டியிருந்தால் திறந்துகொள், மாப்பிள்ளை" என்றேன்.

"அட்ட கட்டினப்புறம் எப்பிடித் தொறக்கறது? போங்க மாமா" என்றார்.

மறுநாள் மாலை நகரியத்தில் மின்சாரம் வந்தது. பழைய குளிர்ப்பெட்டி ஒரு குலுங்கலோடு முனகத் தொடங்கியது. அதற்கு அடுத்த நாள் மகளின் அழைப்பு வந்தது. நலம் கேட்கவில்லை.

"அப்பா, ஃப்ரீசர்?"

சொன்னேன். 

"மாமா கடையிலயா? ஐஸ்கிரீமோடவா?" என்றாள். பின்பு, "இங்க கரண்டு வந்துடுச்சு. நான் நேரா அங்க போறேன்" என்றாள்.

கடலூரிலிருந்து வரும் வழியிலேயே குள்ளஞ்சாவடி. நண்பகலுக்குள் அவள் அங்கே போய்விட்டாள். ஆனால் பெட்டியைத் திறக்க முடியவில்லை. மைத்துனரின் கைபேசியிலிருந்து பேசினாள். "மாமா தொறக்க மாட்டேங்கறார்ப்பா. நீங்க வந்துதான் அவுக்கணுமாம். ஒரு ஐஸ்கூட விக்கலியாம். அவரையும் உங்க மைன்ஸ்ல சேத்துட்டீங்களா?"

வடலூரில் பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தேன். வெயில் கொளுத்தியது. கடை முன்னால் குளிர்ந்ததாக ஏதாவது வேண்டும் என்று கேட்டவர்களிடம் மைத்துனர், "பெட்டி ரிப்பேருங்க" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். புயலுக்குப் பிந்தைய அந்த நாள்களில் அவர் விற்றிருக்கக்கூடியதை நான் மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்தேன்.  அட்டையை அவிழ்த்தேன். மகள் கப் ஐஸ்களை அகற்றி, முதலில் குச்சியைத்தான் பார்த்தாள்; மாமன் அவளுக்கு அதற்குள் சொல்லிக்கொடுத்திருக்கிறார் போலும். குச்சி நேராக நின்றது. சேமியா அங்கங்கே மிதந்த நிலையிலேயே உறைந்திருந்தது.

"ஆனா இது ஐஸுப்பா, புரதம் இல்ல" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "செல்லுல போட்டாதான் தெரியும்."

அவள் பெட்டியோடு பேருந்து ஏறினாள். அதன் பிறகு நாங்கள் காத்திருந்த நாள்களை நான் எண்ணவில்லை. மனைவி வழக்கம்போல் காலையில் ஐஸை விரலில் உருட்டினாள். ஆனால் சாப்பிடாமல் மறுபடி வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும், கரண்டு போனா குச்சியப் பாக்கறதுக்கு" என்பாள்.

மகள் முன்பே சொல்லியிருந்தாள்: சிறு சிறு குழிகள் கொண்ட தட்டில் செல்கள் இருக்கும், புரதத்துக்கு உயிர் இருந்தால் அவை மறுமொழி சொல்லும், அந்த மறுமொழி கடைசியில் மஞ்சள் நிறமாகத் தெரியும். இல்லையேல் குழிகள் தண்ணீர்போலவே கிடக்கும். ஆகவே நாங்கள் காத்திருந்தது ஒரு மஞ்சளுக்காக.

ஒரு முற்பகலில் கைபேசி ஒலித்தது. மனைவிதான் எடுத்தாள், விரல் மடங்காததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா! மஞ்சள்! நல்ல மஞ்சள்மா! எல்லாம் கோவிச்சுக்கிச்சு, எல்லாம் வீங்கிடுச்சு!"

"வீங்கிடுச்சா?" என்றாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கியது. "அப்பாடா, வீங்கிடுச்சாங்க!"

பின்னர் தன் புடைத்த கணுக்களைத் தானே பார்த்து, சத்தமாகச் சிரித்தாள். "வீங்கிச்சின்னு சந்தோசப்படற குடும்பம் ஒலகத்துலயே இதுதான்டி" என்றாள்.

"கீரையை இன்னும் போடலம்மா. அது அடுத்த வாரம். என்ன சொல்லும்னு தெரியாது. தணிக்கலன்னாலும் அப்படியேதான் எழுதணும்."

"எழுது. வீங்க வச்சிட்ட இல்ல, இனிமே வத்த வைக்கறதப் பாரு. நான் என் தோசையைச் சுட்டுகினு இருக்கறேன்."

அழைப்பு முடிந்ததும் தம்பிக்குச் சொல்லச் சொன்னாள். மைத்துனரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல், "நல்ல சரக்குதான் போல" என்றார். பிறகு கேட்டார், "மாமா, அந்த அட்ட எங்க? இங்க வச்சிட்டுப் போயிருந்தா, ராத்திரி கடை சாத்தறப்ப மாட்டிகினு போவேன்."

அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது. அடுத்த முறை போகும்போது, என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.